அக்காவுக்குச் செய்த வெப்பச் சிகிச்சை: கேட்டவர்களுக்கு ஒரு நீண்ட பதில்

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கைப் பட்டாணியிலிருந்து அத்தானின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகளுக்குக் கடுமையான ஆஸ்துமா. "உங்க அக்காவுக்கு நெஞ்சுக்குள்ள சூடு வச்சு சரிபண்ணினாங்களாமே தம்பி, என் மகளுக்கும் அதைச் செய்யலாமா?" என்று கேட்டார். ஆம் என்றோ வேண்டாம் என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா 2019இல் எடுத்த முடிவு சரியானதுதான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அது அந்த ஆண்டில், அவருடைய உடலையும் அன்று கையில் இருந்த மாற்று வழிகளையும் வைத்து எடுத்த முடிவு. அதை அப்படியே இன்னொருவர் மகளுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. அதனால் நாங்கள் எதை எதற்கு எதிராக வைத்து நிறுத்துப் பார்த்தோம் என்பதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

அக்கா பினாங்கில் ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை. சிறு வயதிலிருந்தே இழைப்பு உண்டு என்றாலும் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் அது அவரை முழுமையாக ஆட்கொண்டது. 2018ஆம் ஆண்டில் மட்டும் ஆறு முறை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். ஒரு முறை நான்கு இரவுகள் வார்டில் படுத்திருந்தார். ஐந்து முறை ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தார். எம்.சி. எனப்படும் மருத்துவ விடுப்பு நாட்கள் தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பும் கேட்டுக் களைத்துப்போயிருந்தார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஏறிவிடும் அவர், அந்த ஆண்டு அடிவாரத்திலேயே நாற்காலியில் அமர்ந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

அதுவரை நாங்கள் போய்வந்த கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் கேஸ் (ஆவியாக மூச்சில் இழுக்கும் மருந்து) வைத்து, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஏன் இது திரும்பத் திரும்ப வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் நுரையீரல் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் சென்றபோதுதான் பிராங்கியல் தெர்மோபிளாஸ்டி என்ற இந்த வெப்பச் சிகிச்சையின் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

ஆஸ்துமா நீண்டகாலம் இருக்கும்போது மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள மென்தசை தடித்துப்போகிறது. தூண்டுதல் ஏதேனும் வந்தால் அந்தத் தசைதான் இறுகிக் குழலை நெரிக்கிறது. மூச்சுக்குழலுக்குள் பிராங்கோஸ்கோப் எனப்படும் கேமராக் குழாயைச் செலுத்தி, அதன் வழியாக மெல்லிய கம்பிக்கூடு ஒன்றை அனுப்பி, குழலின் உட்சுவரில் அதை விரித்து, ரேடியோ அலை ஆற்றலால் 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைப் பத்து நொடிகளுக்குக் கொடுக்கிறார்கள். பிறகு சற்று இழுத்து அடுத்த இடம், மீண்டும் பத்து நொடி. இப்படி 3 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழல்கள் நெடுகச் செய்தால் தடித்த தசை குறைகிறது. குறைந்த தசைக்கு நெரிக்கும் வலுவும் குறைவு. ஒரே நாளில் முழு நுரையீரலுக்கும் செய்ய மாட்டார்கள். முதலில் வலது கீழ்மடல், மூன்று வாரம் கழித்து இடது கீழ்மடல், மேலும் மூன்று வாரம் கழித்து இரு மேல்மடல்கள் என மூன்று அமர்வுகள். வலது நடுமடலை விட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2010 ஏப்ரலில், 18 வயதுக்கு மேற்பட்டு, இன்ஹேலர் ஸ்டீராய்டும் நெடுநேரம் வேலை செய்யும் மூச்சுக்குழல் விரிப்பானும் எடுத்தும் கட்டுப்படாத கடும் ஆஸ்துமாக்காரர்களுக்கு இதை அனுமதித்தது.

அக்கா உடனே கேட்ட கேள்வி, "டாக்டர், இதைச் செஞ்சா பம்பை விட்டுடலாமா?" என்பது. இன்ஹேலரைத்தான் அவர் பம்ப் என்பார். முடியாது என்று மருத்துவர் அப்போதே சொல்லிவிட்டார். இது குணப்படுத்தும் சிகிச்சை அன்று, இன்ஹேலர் தொடரும், ஊதிக் காட்டும் சோதனையில் எண் கூடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம், கடும் தாக்குதல்கள் குறையலாம் என்பதே இதில் எதிர்பார்க்கக்கூடியது என்றார். இந்த ஒரு வரியை முதலிலேயே கேட்டுக்கொள்ளாமல் போகிறவர்கள் பின்னால் ஏமாந்துபோவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதோடு, சிகிச்சையைப் பற்றி மேலே பேச மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார். அந்த மூன்று மாதம் எங்களுக்குப் பெரிய பாடமாக இருந்தது. மருத்துவமனையின் மருந்தாளர் அக்காவை இன்ஹேலர் எடுத்துக் காட்டச் சொன்னார். அக்கா அமுக்கினார், இழுத்தார், உடனே வெளியே விட்டார். இத்தனை ஆண்டுகளாக மருந்தில் எவ்வளவு உள்ளே போனது என்று நினைக்க எனக்கு நெஞ்சு வலித்தது. இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் கொடுத்து, மூச்சை அடக்கிப் பிடிக்கச் சொல்லி, அடுத்த சந்திப்பில் மீண்டும் சோதித்தார்கள். வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் போடும் சாம்பிராணிப் புகை, இரவெல்லாம் எரியும் கொசுவத்திச் சுருள், ஈரம் ஊறிப் பூசணம் பிடித்த படுக்கையறைச் சுவர் ஆகிய மூன்றும் பட்டியலில் ஏறின. சாம்பிராணியை நிறுத்தச் சொன்னதில் அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் விளக்கு மட்டும் ஏற்ற ஒப்புக்கொண்டார். இரைப்பை அமிலம் மேலேறுவதற்கும் மூக்கடைப்புக்கும் தனியே மருந்து தொடங்கினார்கள். டியோட்ரோபியம் என்ற இன்னொரு இன்ஹேலரைச் சேர்த்தார்கள். நிலைமை சற்றுத் தேறியது. ஆயினும் பிப்ரவரியில் ஒரு சளிக்காய்ச்சல் வந்தது, அக்கா மறுபடியும் அவசரப் பிரிவில் இருந்தார். அடிப்படைகளைச் சரிசெய்த பிறகும் எஞ்சி நிற்பதுதான் உண்மையான கடும் ஆஸ்துமா என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கையையும் பார்த்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும்போது அந்த எண் செயற்கையாகக் குறைந்துவிடும் என்பதால், மாத்திரை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுத்தார்கள். அப்போதும் மைக்ரோலிட்டருக்கு 90தான். எண் உயர்வாக இருந்திருந்தால் பேச்சே வேறு திசையில் போயிருக்கும். ஈசினோஃபிலைக் குறிவைக்கும் மெபோலிசுமாப், பென்ராலிசுமாப் போன்ற உயிரியல் ஊசி மருந்துகள் அப்போதே வந்துவிட்டன. ஒவ்வாமை வகைக்கு ஓமாலிசுமாப் அதற்கும் முன்பிருந்தே இருந்தது. அக்காவின் ஆஸ்துமா இவை எவற்றுக்கும் பொருந்தும் வகையாக இல்லை. வாரம் மூன்று நாள் எடுக்கும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தையும் பார்த்தாயிற்று. தெர்மோபிளாஸ்டி மேசைக்கு வந்தது இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகே.

பலனையும் அபாயத்தையும் நிறுப்பதற்கு எங்களிடம் இருந்த முதன்மையான எடைக்கல் ஏ.ஐ.ஆர். 2 என்ற ஆய்வு. 2010இல் வெளியான அந்த ஆய்வில் 288 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 190 பேருக்கு உண்மையான சிகிச்சையும் 98 பேருக்கு வெப்பம் இல்லாத பொய்ச் சிகிச்சையும் செய்தார்கள். பொய்ச் சிகிச்சைக்காரர்களும் மயக்கத்தில் குழாயை உள்வாங்கியவர்களே. தங்களுக்கு எது நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஓராண்டில் வாழ்க்கைத்தர வினாத்தாளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் உண்மைச் சிகிச்சையில் 79 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்து அத்தான் துள்ளிவிட்டார். அடுத்த எண்ணையும் படியுங்கள் என்றேன்: பொய்ச் சிகிச்சையிலும் 64 விழுக்காட்டினர் முன்னேறியிருந்தார்கள். நம்பிக்கை, நெருக்கமான கவனிப்பு, ஒழுங்காக மருந்தெடுப்பது ஆகியவையே இந்த 64ஐத் தந்திருக்க வேண்டும். அப்படியானால் வெப்பம் தனியாகச் சம்பாதித்துக் கொடுத்தது நூற்றுக்குப் பதினைந்து பேர், அதாவது ஏறக்குறைய ஏழு பேருக்குச் செய்தால் ஒருவருக்குக் கூடுதல் பலன்.

தாக்குதல்களின் கணக்கு இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது. சிகிச்சைக் காலம் முடிந்து வந்த மாதங்களில் கடும் தாக்குதல்கள் 32 விழுக்காடு குறைந்தன, அவசரப் பிரிவுக்குப் போவது 84 விழுக்காடு குறைந்தது என்று எழுதியிருந்தார்கள். விழுக்காடுகளை மனத்தில் வைத்து நிறுக்க முடியாது என்பதால் ஒரு தாளில் ஆட்கணக்காக மாற்றி அக்காவிடம் காட்டினேன். பொய்ச் சிகிச்சை பெற்ற நூறு பேருக்கு ஆண்டில் 70 கடும் தாக்குதல்கள் வருமென்றால், உண்மைச் சிகிச்சை பெற்ற நூறு பேருக்கு 48. அவசரப் பிரிவுக்குப் போவது அங்கே 43 முறை, இங்கே 7 முறை. நாற்பத்து மூன்று எங்கே, ஏழு எங்கே என்று அக்கா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நள்ளிரவில் ஆயர் ஈத்தாமிலிருந்து வண்டியில் போகும் அந்தப் பயணத்தை அனுபவித்தவருக்குத்தான் அந்த இரண்டு எண்களின் இடைவெளி தெரியும்.

ஆனால் அதே ஆய்வு, சிகிச்சை நடந்த வாரங்களில் உண்மைச் சிகிச்சைக்காரர்களில் 8.4 விழுக்காட்டினர் மூச்சுக் கோளாறால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்றும், மற்றக் குழுவில் அது 2 விழுக்காடே என்றும் சொல்கிறது. இழைப்பு கூடுதல், நுரையீரலில் ஒரு பகுதி காற்றின்றிச் சுருங்குதல், தொற்று, சளியில் இரத்தம் ஆகியவை நேரலாம். இரத்தம் வந்த ஒருவருக்கு இரத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சையே தேவைப்பட்டது. இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். அபாயம் முதலில் வருகிறது, அதுவும் உறுதியாக வருகிறது. நெஞ்சு இறுக்கமும் இருமலும் ஏறக்குறைய எல்லாருக்கும் சில நாட்களுக்கு உண்டு. பலன் பின்னால் வருகிறது, வந்தால் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் தராசில் ஏறுவதில்லை என்பதால் மனம் ஏதாவது ஒன்றை மட்டுமே பார்க்கத் துடிக்கும். அத்தான் பலனை மட்டும் பார்த்தார். அம்மா அபாயத்தை மட்டும் பார்த்தார். அக்காவுக்கோ இரண்டையும் பார்க்க வேண்டியிருந்தது.

என்னை மிகவும் உறுத்திய செய்தி வேறு. அந்த ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்று தேடிப் படித்தபோது, முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்று எதிர்பார்க்கும் அளவில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தவர்களையும், முந்தைய ஆண்டில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முறை ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களையும், மூன்று முறையோ அதற்கு மேலோ ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களையும் விலக்கியிருந்தார்கள். அக்காவின் ஊதும் எண் 63. அது வாசலுக்குள்ளே. ஆனால் மாத்திரை ஐந்து முறை, அது வாசலுக்கு வெளியே. இந்தச் சிகிச்சையை மிகவும் ஏங்கி எதிர்பார்ப்பவர்கள் யாரோ, அவர்களில் பலர் அந்த எண்களைத் தந்த கூட்டத்தில் இல்லவே இல்லை. மருத்துவரிடம் இதைக் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. "அந்த எண்கள் உங்கள் அக்காவுக்கு ஓரளவுக்குத்தான் பேசும், அபாயம் அதில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த நேர்மைக்காகவே நாங்கள் அவரை நம்பினோம்.

தராசின் மறுதட்டில் ஒன்றும் செய்யாமல் இருப்பதை வைத்தால் அது எடையற்ற தட்டு போலத் தோன்றும். அப்படியன்று. ஆண்டுக்கு ஐந்து முறை ஸ்டீராய்டு மாத்திரை என்பது எலும்பையும் கண்ணையும் இரத்தச் சர்க்கரையையும் மெல்ல மெல்லத் தின்னும். அக்காவின் சர்க்கரை அளவு எல்லைக் கோட்டைத் தொட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்பாவும் பெரியப்பாவும் நீரிழிவில்தான் போனார்கள். ஒவ்வொரு கடும் தாக்குதலும் உயிருக்கே விலை பேசக்கூடியது. இந்த எடையையும் ஏற்றிய பிறகுதான் முள் அசைந்தது.

முடிவை அக்காவே எடுத்தார். "மூணு மாசம் கஷ்டப்பட்டாலும் பரவாயில்ல தம்பி. பம்ப் இருக்கட்டும். ராத்திரியில அவசரப் பிரிவுக்கு ஓடுறது பாதி குறைஞ்சாலே எனக்குப் போதும்" என்றார். அவர் விரும்பியதும் ஆய்வு காட்டிய பலனும் ஒரே இடத்தில் சந்தித்தன. அவர் மலை ஏற வேண்டும், பம்பை எறிய வேண்டும் என்று கேட்டிருந்தால் நான் தடுத்திருப்பேன்.

சிகிச்சை கோலாலம்பூரில். பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மார்ச்சிலிருந்து மூன்று முறை போய்வந்தோம். ஒவ்வொரு முறையும் மூன்று நாள் முன்பிருந்தே பிரெட்னிசோலோன் 50 மில்லிகிராம், சிகிச்சை நாளிலும் மறுநாளும் அதே அளவு. இதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி உண்டா, இரத்தம் உறைவதில் குறை உண்டா, மரப்பு மருந்துக்கு ஒவ்வாமை உண்டா, அண்மையில் தொற்றோ தாக்குதலோ வந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். ஒரு முறை சூடு கொடுத்த குழலுக்கு மறுமுறை கொடுப்பதில்லை என்பதையும் அங்கேதான் அறிந்தேன். சிகிச்சைக்குப் பின் ஊதச் சொல்லி, முன்பிருந்த அளவில் 80 விழுக்காட்டைத் தாண்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

முதல் அமர்வில் அக்கா தாண்டவில்லை. அன்று மாலையிலிருந்து நெஞ்சில் சீழ்க்கை, இருமினால் இளஞ்சிவப்பாகச் சளி. இரண்டு இரவுகள் வார்டில் இருந்தார். செய்திருக்கவே கூடாதோ என்று வராந்தாவில் உட்கார்ந்து நினைத்ததை மறைக்க மாட்டேன். அந்த 8.4 விழுக்காட்டுக்குள் அக்கா விழுந்துவிட்டார். இரண்டாம் அமர்வு எளிதாக முடிந்தது. மூன்றாவதில் ஒரு வாரம் இருமல்.

பிறகு வந்த கதையைக் கவனமாகச் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் புகைமூட்டம் தீபகற்பத்தைச் சூழ்ந்தபோது அக்கா ஒரு முறை அவசரப் பிரிவுக்குப் போனார். அதற்குப் பின் 2020 இறுதி வரை ஒரு முறைகூடப் போகவில்லை. ஊதும் எண் 63இலிருந்து 65. அதை மாற்றம் என்றே சொல்ல முடியாது. கேட்பவர்கள் எல்லாரும் "பார்த்தீர்களா, வேலை செய்திருக்கிறது" என்கிறார்கள். ஆனால் 2020 மார்ச் 18 முதல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்தது. சாலையில் வண்டி இல்லை, தொழிற்சாலையில் கூட்டம் இல்லை, எல்லாரும் முகக்கவசம், சளிக்காய்ச்சல் கொண்டுவர ஆளே இல்லை. அதோடு ஸ்பேசர், சாம்பிராணி இல்லாத வீடு, பூச்சு மாற்றிய சுவர். இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. பொய்ச் சிகிச்சை பெற்ற இன்னொரு அக்கா எங்களுக்கு இல்லை. வெப்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்புகிறேன், அவ்வளவுதான். 2022இல் எல்லாம் திறந்த பிறகும் ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் அவர் அவசரப் பிரிவைப் பார்க்கவில்லை என்பதே அந்த நம்பிக்கைக்கு ஆதாரம்.

இன்று அதே தராசை எடுத்தால் எடைக்கற்கள் மாறியிருக்கின்றன. 2020இல் அமெரிக்காவின் தேசிய ஆஸ்துமா வழிகாட்டி இந்தச் சிகிச்சையைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியது. குறுகிய காலத் தொல்லையையும் நெடுங்கால அபாயத்தையும் பெரிதாகக் கருதாமல், கிடைக்கக்கூடிய பலனை மிகவும் உயர்வாக மதிப்பவர்கள் எண்ணிப் பார்க்கலாம் என்று விலக்கும் கொடுத்தது. அந்த விலக்கைப் படித்தபோது அக்காவையே பார்த்து எழுதியதுபோல் இருந்தது. 2021இல் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட தொடராய்வு வெளியாகி, பலன் நீடிப்பதாகக் காட்டியது. கூடவே சிலருக்கு ஸ்கேனில் மூச்சுக்குழல் விரிந்து தளர்ந்த நிலை தெரிந்தது என்றும் சொன்னது. பொய்ச் சிகிச்சைக் குழுவை அத்தனை காலமும் அதே முறையில் பின்தொடரவில்லை என்பதால் அந்த நீடிப்பை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெசெபெலுமாப் என்ற ஊசி. ஈசினோஃபில் எண் குறைவாக உள்ளவர்களுக்கும் கொடுக்கலாம் என்ற அனுமதியோடு வந்த மருந்து அது. 2019இல் அது இருந்திருந்தால், செலவைத் தாங்க முடிந்திருந்தால், அக்கா அதைத்தான் முதலில் முயன்றிருப்பார். ஊசி ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடலாம். கொடுத்த சூட்டைத் திரும்ப எடுக்க முடியாது.

சுங்கைப் பட்டாணி அம்மாவை இரண்டு நாள் கழித்து நானே அழைத்தேன். மகளின் ஈசினோஃபில் எண் என்ன என்று கேட்டேன்; யாரும் எடுத்ததாக நினைவில்லை என்றார். இன்ஹேலரை யாராவது எடுத்துக் காட்டச் சொன்னார்களா என்றேன், இல்லை. கடந்த ஆண்டில் எத்தனை முறை மாத்திரை என்றதற்கு "ஏழெட்டு இருக்கும்" என்றார். அப்படியானால் தெர்மோபிளாஸ்டியைப் பற்றி இப்போது பேச வேண்டாம், முதலில் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும் கடிதம் வாங்குங்கள், அடுத்த மாத்திரை தொடங்கும் முன் இரத்தச் சோதனை எடுக்க முடியுமா என்று கேளுங்கள் என்று சொன்னேன். சந்திப்பு அடுத்த மாதம் கிடைத்திருக்கிறது. அக்காவும் உடன் போகிறார், தன்னுடைய ஸ்பேசரையும் 2018இலிருந்து எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு.